கப்பல் ஊதியதும்

நிக்கோபார் தீவில், கேம்பல் பே என்ற ஊரில், காட்டை வெட்டித் திருத்திய மைதானம்; கீழே கப்பல் ஜெட்டி, படகுத்துறை. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. சுண்ணாம்புக் கோட்டில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். எதிரே, இந்தியாவுக்காக ஓடி மெடல் வாங்கிய ஜஸ்வந்த் கௌர், பிள்ளைகளுக்குத் 'தீதி', அக்கா, இவர்களை ஓட வைத்தே தீருவது என்று கையை உயர்த்தியபடி நிற்கிறாள். சுசீலாவுக்கு மட்டும் கால் கோட்டில் தங்கவில்லை, பாருங்கள். வயிற்று ஆபரேஷனுக்குப் போர்ட் பிளேர் போன அம்மா இருபத்திரண்டு நாளாகத் திரும்பவில்லை; இன்றைய கப்பலில் வருவாளா என்று அப்பாவுக்கே தெரியாது. "கோட்டப் பாருடீ," என்கிறார் குருநாதன் சார். "அவ கண்ணு கப்பல் ஜெட்டியில இருக்கு சார், காலு மட்டும் இங்க எப்பிடி ஓடும்?" என்று பக்கத்தில் நிற்கும் மல்லிகா சிரிக்கிறாள். "தௌடோ பேட்டி, தௌடோ!" என்று ஓடச் சொல்கிறாள் ஜஸ்வந்த். அந்த நேரம் பார்த்துக் கப்பல் ஊதுகிறது. சுசீலா முடிவுக்கோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜெட்டியைப் பார்த்துப் பறக்கிறாள். பின்னல் அவிழ்கிறது, செம்மண் தெறிக்கிறது. பின்னாலேயே திம்திம்மென்று காலடிச் சத்தம், திரும்பினால் ஜஸ்வந்த் தீதி! எதற்கு ஓடுகிறாய் என்று கேட்காமலே பக்கத்தில் ஓடி வருகிறாள். "ஹாத் சலாவ், ஹாத்!" என்று தன் கையை வீசிக் காட்டுகிறாள். சுசீலாவும் வீசுகிறாள், கால் தரையில் பாவவில்லை. ஜெட்டியின் நுனியில், கடலுக்குள் பாய்ந்துவிடாமல் அவள் தோளைத் தீதியின் வேர்த்த கை பிடித்துக்கொள்கிறது. கப்பலிலிருந்து ஆட்களை ஏற்றிய படகு அலையில் ஏறி இறங்கி வருகிறது. சுசீலா தலை தலையாகத் தேடுகிறாள். ஒரு கறுப்புக் குடைக்குப் பின்னால் பச்சைப் புடவை ஒன்று, வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, மெல்ல எழுந்து நிற்கிறது.