எந்த நாட்டுக் கப்பல்?

"பிள்ளை வருவானா, மாட்டானா? ஒண்ணு சொல்லு ளா. கோயில்ல சாமியார் காத்துக்கிட்டு இருக்காரு."

பிலோமினா மாமி அதட்ட, அனிஷா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவீட்டில், ஃப்ரீசர் பெட்டிக்குள் அம்மா. ஒரே மகன் ஜெனிஸ் வந்து முதல் பிடி மண் போடட்டும் என்று நேற்றிலிருந்து வைத்திருக்கிறார்கள்.

"எந்த நாட்டுல கிடக்கான்?" என்றார் தனராஜ் மாமா.

"எந்த நாட்டைச் சொல்ல மாமா? கப்பல் கொடி பனாமா. முதலாளி கிரேக்கத்தான். ஏஜென்ட் துபாய். ஏத்தினது இந்தோனேசியா கரி. சாகுததுக்கு மட்டும் தூத்துக்குடிக்காரன்."

"அவன் என்னதான் சொல்லுதான்?"

"நடுக்கடல்ல நிக்கோம்ங்கான். அதுக்கு மேல வாயத் திறக்க மாட்டேங்கான்."

துபாய் ஏஜென்டுக்குப் போன் போட்டாள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி. மூன்று வருடம் படித்து வாங்கிய இங்கிலீஷ் முழுவதும் கெஞ்சுவதற்குத்தான் பயன்பட்டது.

"விமான டிக்கெட்டை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் சார்."

"டிக்கெட் பிரச்சினையே இல்லை. முதலாளியின் கடன் வழக்கில் கப்பல் கோர்ட் காவலில் இருக்கிறது. மாற்று ஆள் ஏறாமல் யாரும் இறங்கக் கூடாது. ஆள் அனுப்ப வேண்டிய முதலாளி போனையே எடுப்பதில்லை."

"செத்தது பெற்ற தாய் சார்."

"இமெயில் போடுங்கள்."

எந்த ஊர்க் கோர்ட் என்று கேட்பதற்குள் இணைப்பு அறுந்தது.

"தூக்குங்க மாமா," என்றாள் அனிஷா. "அவனுகளுக்குக் கரி மட்டும் கரை சேந்தாப் போதும்."

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது ஜெனிஸை வீடியோவில் அழைத்தாள்.

"அண்ணே, தெரியுதா? போனை இன்னும் கிட்டப் பிடிக்கட்டா?"

"போனை வை ளா," என்றான் ஜெனிஸ். "எனக்கும் சேத்து நீயே ஒரு பிடி போடு. கோபுரம், கல்லறைச் சுவரு, கூட்டம், எல்லாம் எனக்குத் தெரியுது. பைனாகுலர்ல பாத்துக்கிட்டுதான் நிக்கேன்."

"என்னண்ணே சொல்லுத?"

"ரெண்டு மாசமா இங்கனதான் நங்கூரம் போட்டுக் கிடக்கோம். அம்மைக்குத் தெரிஞ்சா கடக்கரையே கதின்னு கிடப்பான்னுதான் சொல்லல. நேத்து உன்கிட்ட சொல்லவும் வாய் வரல."

அனிஷா சுவருக்கு அப்பால் கடலைப் பார்த்தாள். தினமும் மாலையில் மொட்டைமாடியில் ஏறி, "எவ பெத்த பிள்ளையளோ, மாதாவே, கரை சேத்துரு" என்று அம்மா செபமாலை சொன்னது, தொலைவில் அசையாமல் நின்ற அந்தக் கப்பலைப் பார்த்துத்தான்.