பதினான்காம் கதவு

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். காற்று அசையவில்லை, வெயில் தெருவை வாணலியாக்கி வைத்திருந்தது. நகராட்சியின் மின்சிக்கனத் திட்டத்துக்காக வீடு வீடாக அளவெடுக்கும் அலுவலர், அந்த நான்கு தளக் கட்டடத்தின் மீட்டர் பலகை முன் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அங்கிருந்தவர்களுக்கு அவர் ‘மீட்டர் அம்மா’.

பதினாறு வீடுகள். அவற்றில் பதினைந்து மீட்டர்கள் சொன்ன சேதியில் அவர் மலைத்துப் போனார். மூன்றே மாதத்தில் மின்சாரச் செலவு கால்வாசி குறைந்திருந்தது. தாம் ஆற்றிய விழிப்புணர்வு உரைகள் வீண்போகவில்லை என்று அறிக்கையின் முதல் பத்தியை மனத்துக்குள் எழுதியும் விட்டார்.

பதினான்காம் மீட்டர்தான் தலையில் கல்லைப் போட்டது. அது இரட்டிப்பாகியிருந்தது.

செலவைக் குறைத்தவர் கதவில் பச்சை ஸ்டிக்கர், கூட்டியவர் கதவில் சிவப்பு. பதினாறும் பச்சையானால் மொட்டைமாடிக்கு வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சு இலவசம். ஒன்று தவறினாலும் கிடையாது. இரண்டு முறை சிவப்பு வாங்கிய பதினான்காம் வீட்டுக்கு இன்றுதான் கடைசிக் கணக்கு.

கீழ்த்தளத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளரான பஸ் டிரைவர் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மீட்டர் அம்மா அவரை மறித்துக் கேட்டார்.

“ஒரு வீட்டால உங்க எல்லாருக்கும் பூச்சு போகுது. அவங்களை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?”

“போனா போகுதுங்க,” என்றார் டிரைவர், சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு. “வெயில்தானே, கடிச்சா தின்னுடப் போகுது?”

இரண்டாம் தளத்து நர்ஸ், இரவுப் பணி முடித்து உறங்கியவர், பாதிக் கண்ணோடு கதவைத் திறந்தார். உள்ளே சினிமாக் கொட்டகை போல இருட்டு. ஏசி அணைந்திருந்தது, மின்விசிறி மட்டும் சுழன்றது. மீட்டர் அம்மா வெப்பமானியை நீட்டிப் பார்த்தார். வெளியே நாற்பத்தொன்று, உள்ளே முப்பத்திரண்டு. நம்ப முடியாமல் மறுபடியும் பார்த்தார். அதே முப்பத்திரண்டு.

ஜன்னலில் சாம்பல் கட்டம் போட்ட கனத்த திரை ஒன்று தொங்கியது. எங்கே வாங்கியது என்று கேட்டார்.

“கடையிலதான் மேடம்.”

“எந்தக் கடை?”

“அதை மூடிட்டாங்க,” என்ற நர்ஸ் ஒரு கொட்டாவி விட்டுக் கதவையும் மூடிவிட்டார்.

ஏறிய தளமெல்லாம் அதே திரை, அதே மூடிய கடை. பதினான்காம் வீட்டைப் பற்றிக் கேட்டால் எல்லாருக்கும் திடீரென்று அடுப்பில் வேலை வந்தது. அந்த வீட்டு அம்மாளின் வாய்க்கு அஞ்சுகிறார்கள் என்று மீட்டர் அம்மா முடிவு கட்டினார்.

நான்காம் தளத்தில், கதவுக்குப் பின்னால் மோட்டார் ஒன்று விட்டு விட்டு உறுமியது. தட்டியதும் நின்றது. திறந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா, கைமுழுக்க நூல் பிசிறு.

உள்ளே அனல். திரையில்லாத ஜன்னல் வழியாக வெயில் தரையெல்லாம் பாய் விரித்திருந்தது. ஓரத்தில் தையல் மெஷின், சூடு தணியாத இஸ்திரிப் பெட்டி, கழுவிக் காயவைத்த சிப்ஸ் பாக்கெட்டுகளின் குவியல். அவற்றைப் பிரித்து, வெள்ளிப் பக்கம் வெளியே தெரிய, இஸ்திரிச் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டி, துணியின் பின்பக்கம் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். துணியில் சாம்பல் கட்டம்.

மீட்டர் அம்மா அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தார். பதினைந்து பச்சைக் கதவுகளும் ஒவ்வொன்றாக அவர் நினைவில் திறந்தன.

“எல்லாருக்கும் நீங்களா தச்சீங்க?”

“பாக்கெட்டை அவங்க சேர்த்துத் தர்றாங்க. துணி, தையல் கடையில மிஞ்சினது. கை என்னுது,” என்றார் அந்த அக்கா. காசு வாங்குவதில்லையாம்.

“உங்க ஜன்னலுக்கு?”

“கீழேருந்து ஆரம்பிச்சேன். இது பக்கத்து வீட்டு ரெண்டாவது ஜன்னலுக்கு. என் முறை கடைசி.” பிறகு குரல் தணிந்தது. “சிவப்பை ஒட்டிக்கங்கம்மா. மெஷின்னு மட்டும் எழுதிடாதீங்க.”

மீட்டர் அம்மா ஒன்றும் எழுதாமல் இறங்கினார். டிரைவர் படியடியிலேயே காத்திருந்தார். மீட்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

“வீட்டுக்குள்ள மெஷின் வைக்கக் கூடாதுன்னு கட்டட ஓனர் கண்டிஷன் போட்டிருக்கார். தெரிஞ்சா அக்காவை மறுநாளே காலி பண்ணச் சொல்லிடுவார். அதான் பதினைஞ்சு வீடும் பேசி வச்சுக்கிட்டோம், பூச்சு போகட்டும், அக்கா இருக்கட்டும்னு.” சற்று நிறுத்திச் சொன்னார்: “அந்த மூடின கடை, என் யோசனைங்க. கொஞ்சம் மட்டம்தான்.”

மூன்று மாதமாகத் தாம் அளந்தது எதை என்று மீட்டர் அம்மாவுக்கே புரியவில்லை. விதிப்படி ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து நீட்டினார். டிரைவர் அதை வாங்கி, தாமே ஒட்டிவிடுவதாகச் சொன்னார்.

மறுநாள் காலை டிரைவர் முதல் பஸ்ஸை எடுக்கப் போகுமுன் ஒரு பிளேடோடு தம் கதவருகே குந்தியிருந்தார். பணி முடிந்து திரும்பிய நர்ஸ், சீருடையைக்கூட மாற்றாமல் தம் கதவை நகத்தால் சுரண்டினார். அக்கா எதுவும் அறியாமல், முதன்முறையாகத் தம் ஜன்னலின் அகலத்தை அளந்துகொண்டிருந்தார்.

மீட்டர் அம்மா அலுவலகம் திறந்ததும் மனத்துக்குள் எழுதிய முதல் பத்தியை விட்டுவிட்டு, எந்த வீட்டின் பெயரையும் சொல்லாமல், பதினாறு மீட்டரையும் ஒரே கணக்காகக் கூட்டி எழுதினார். கூட்டுத்தொகையைப் பார்த்த மேலதிகாரி, விதியைத் திருத்தி, அந்தக் கட்டடத்துக்குப் பூச்சு உண்டு என்று கையெழுத்திட்டார். ஒரேயொரு பச்சை ஸ்டிக்கரோடு மீட்டர் அம்மா நான்கு தளமும் மூச்சிரைக்க ஏறினார். வழியில் இருந்த கதவுகளில் ஒன்றிலும் ஸ்டிக்கர் இல்லை.

பதினான்காம் கதவில் ஏற்கெனவே பதினைந்து பச்சைகள் நெருக்கியடித்து ஒட்டியிருந்தன. அவர் கொண்டுவந்ததை ஒட்ட இடமே இல்லை.