பழைய கோடு

தாம்பரம் டுடோரியலில் மாலை வகுப்பு. ரயில் போகும்போதெல்லாம் ட்யூப் லைட் நடுங்குகிறது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை தைத்துக்கொண்டே தபாலில் பி.ஏ. பொருளாதாரம் படிக்கும் அருள்மேரி கரும்பலகை முன் நிற்கிறாள். பலகையில் மொத்தத் தேவைக் கோடும் மொத்த அளிப்புக் கோடும் வெட்டிக்கொள்கின்றன. “ஏற்றுமதி கொறைஞ்சா என்ன ஆகும்? வரைஞ்சு காட்டும்மா,” என்கிறார் ஏகநாதன் சார். தேவைக் கோட்டுக்கு இடது பக்கம், அதே சாய்வில், அவள் இன்னொரு கோடு இழுக்கிறாள். துணியில் அளவு மாறினால் பழைய சாக்பீஸ் குறியைத் தேய்த்துவிடுவது தையல்காரிகள் வழக்கம். அவள் விரல் தானாகப் பழைய கோட்டைத் தேய்க்கிறது. “அழிக்காதம்மா. பழசு இருந்தாத்தான் எவ்ளோ கொறைஞ்சுதுன்னு தெரியும்.” சார் அதைத் திரும்ப வரைந்து, கீழே உற்பத்தி அச்சில் விழுந்திருக்கும் இடைவெளியைத் தட்டுகிறார். “இது என்ன?” அவள் பெஞ்சின் மேல் காலையில் கட்டிய டிபன் பாக்ஸ் திறக்காமல் இருக்கிறது. “ரஷ்யா ஆர்டர் நின்னுபோச்சு சார். இன்னிக்குக் காலைல எங்க கம்பெனி கேட்டைப் பூட்டிட்டாங்க.” சார் பலகையைப் பார்த்தபடியே தலையாட்டுகிறார். “கரெக்ட். ஆனா பரீட்சைல அப்படி எழுதக்கூடாது. உற்பத்திக் குறைவுன்னு எழுது.” அருள்மேரி குனிந்து அந்த இடைவெளிக்குள் சின்ன எழுத்தில் ‘உற்பத்திக் குறைவு’ என்று எழுதுகிறாள். அளவெடுத்துத் தைத்ததுபோல அந்த வார்த்தை உள்ளே உட்காருகிறது.