பஸ்ல ஏறினதும் கேளு

"பஸ்ல ஏறினதும் கேளு. தூங்கிடாதய்யா," என்று சொல்லிக்கொண்டே, கட்டைவிரல் நீளம்கூட இல்லாத அந்த பிளேயரைக் கணவன் சுப்பிரமணியின் சட்டைப் பையில் போட்டாள் சசிரேகா.

"இன்னா, புதுப் பாட்டு ஏத்திருக்கியா?"

"ஏறி உக்காந்து கேளேன்."

"நேத்து ரெண்டு ஷிப்ட் சேத்து ஓ.டி. பாத்துட்டு வந்தவன்கிட்ட தூங்காதன்னா நடக்கிற கதையா?" கொட்டாவி விட்டுக்கொண்டே, இயர்போனைப் பையில் துழாவியபடி படியேறினான்.

சுங்குவார்சத்திரம் நிறுத்தத்தில் அவர்களுக்குக் கிடைப்பது அவ்வளவு நேரம்தான். அவளை இறக்கிவிட்டு அவளுடைய கம்பெனி பஸ் நகரும். அவனுடைய பஸ் ஹாரன் அடிக்கும். வேறு வேறு கம்பெனி, வேறு வேறு ஷிப்ட். சுற்றிலும் ஆட்கள். கேமரா உள்ள போனை இரண்டு கம்பெனியிலும் உள்ளே விடமாட்டார்கள். அதனால்தான் கேமரா இல்லாத அந்த பிளேயரை வாங்கினார்கள். பாட்டுக் கேட்கலாம், ஒரு பொத்தானை அமுக்கினால் பேசியும் வைக்கலாம். கேஸ் தீர்ந்தது, அம்மாவின் முட்டி வலி, சூப்பர்வைசர் கத்தியது என்று அவர்களுடைய குடும்பமே அதற்குள்தான் நடந்தது. புதிதாக ஏதாவது பேசி வைத்திருந்தால் அதன் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி நிற்கும். கேட்டுவிட்டால் போய்விடும்.

அன்றைக்கு அவன் ஏறிய பஸ், அவன் கம்பெனி இருக்கும் ஒரகடம் போய்ச் சேரவில்லை. வழியில் நின்றிருந்த கன்டெய்னர் லாரியின் பின்னால் போய் மோதியது.

"தூக்கத்துலயே போயிட்டான்மா. அவனுக்கு ஒன்னும் தெரிஞ்சிருக்காது." துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆறுதலாக இதைத்தான் சொன்னார்கள். கேட்கும்போதெல்லாம் அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

காரியம் முடிந்த பிறகுதான் ஸ்டேஷனில் அவன் பொருள்களைக் கொடுத்தார்கள். வாட்ச், அடையாள அட்டை, பிளேயர். பிளேயரில் உயிர் இல்லை.

இப்போது அதே நிறுத்தத்துக்கு எதிரே, ரகுவின் செல்போன் கடையில் நின்றிருந்தாள். பக்கத்தில் கொழுந்தன் வெங்கடேசன்.

"தண்ணி எறங்கியிருக்குக்கா. பேட்டரி மாத்திப் பாக்கறேன். வந்தா வரும்," என்றான் ரகு.

"உள்ள கீறது அழிஞ்சிடுமா தம்பி?"

"கியாரன்டி சொல்ல மாட்டேன்."

"வந்துச்சுன்னா பிளே மட்டும் பண்ணிடாத."

"பாடாம எப்பிடிக்கா டெஸ்ட் பண்றது?"

"வேணாம். லைட்டு எரிஞ்சா போதும். என் கையில குடுத்துடு."

வெங்கடேசன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "இன்னா அண்ணி இது? கேக்கறதுக்குத்தான ரிப்பேர் பண்றோம்? அண்ணன் கடைசியா இன்னா பேசினான்னு கேக்கணும்னு அம்மா வூட்ல சோறு துண்ணாம உக்காந்துகினு கீது."

"அப்புறம் கேக்கலாம் வெங்கடேசு."

"அப்புறம்னா எப்போ?"

ரகு புதுப் பேட்டரியை ஈயம் வைத்துப் பற்றவைத்தான். பொத்தானை அமுக்கினான். ஒன்றும் இல்லை. மறுபடி அமுக்கினான். திரையில் கோடு கோடாக ஏதோ ஓடி அணைந்தது. அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு அக்கா, இரு அக்கா, கழுத்துல ஏறி நிக்காத," என்றபடி ரகு ஒயரை நகர்த்தி வைத்தான். திரை எரிந்தது.

"அப்பாடா. எல்லாம் கீதுக்கா. பாட்டு, பேச்சு எல்லாம் அப்பிடியே கீது. கடைசியா பேசி வச்சது... பதினொன்னாம் தேதி."

"அன்னிக்குத்தான்!" வெங்கடேசன் குரல் உடைந்தது. "அண்ணன் பேசியிருக்கான் அண்ணி! பிளே பண்ணு ரகு!"

"பண்ணாத!"

கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். ரகுவின் விரல் அந்தரத்தில் நின்றது.

"இன்னா அண்ணி மறைக்கறீங்க?" வெங்கடேசன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். "சண்டை போட்டுகினீங்களா? அவன் எதனா சொல்லிட்டானா? வெளியில வந்தா அசிங்கம்னு பாக்கறீங்களா?"

"சத்தியமா அப்பிடியெல்லாம் இல்ல."

"அப்ப கேக்க வுடுங்க! உங்களுக்குப் புருசன்னா எங்களுக்கு அவன் யாரு? ரோட்ல போறவனா?"

சட்டென்று ரகுவின் கையிலிருந்து பிளேயரைப் பிடுங்கினான். கட்டைவிரல் பொத்தானைத் தேடியது. சசிரேகா பாய்ந்து அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"அமுக்கிடாத வெங்கடேசு. உன் கால்ல வுழறேன். ஒருவாட்டி பாத்துக்கறேன். பாத்துட்டு நானே குடுத்துடறேன்."

"பாக்கறதுக்கு அதுல இன்னா கீது?"

அவன் கையோடு சேர்த்துத் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய பிடி தானாகத் தளர்ந்தது. அங்கிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள்.

"இப்ப கேக்கலாம். அமுக்கு," என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் வெங்கடேசனின் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. "அண்ணன் குரலக் கேக்க உங்களுக்கு பயமாகீதா அண்ணி?" என்று தணிந்து கேட்டான்.

"அது உங்க அண்ணன் குரல் இல்லப்பா. என் குரல். டாக்டரம்மா ரெண்டு மாசம்னு சொன்னாங்க. யாருக்கும் முன்னாடி அவருக்குத்தான் தெரியணும்னு, அதுல பேசிக் குடுத்தனுப்பினேன்."

வெங்கடேசன் கையிலிருந்ததைக் குனிந்து பார்த்தான். பதினொன்றாம் தேதிக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி அப்படியே நின்றது.