இருக்கிற சரக்கு

பாடாங் செராயில் காளிதாசனின் கம்ப்யூட்டர் கடைக்குப் பேத்தி சுபாஷினியோடு போனேன். அடுத்த வாரம் அவளுக்குப் பல்கலைக்கழகம் திறக்கிறது. லேப்டாப் இல்லாமல் முடியாதாம்.

போன மாதம் சொன்ன விலையை அவன் இப்போது சொல்லவில்லை.

“ஏத்திட்டியா தம்பி?”

“நான் ஏத்தல மாமா. சிப் கம்பெனிக்காரன் சரக்கு இல்லங்கறான் லா. நான் என்ன செய்ய?”

கடைக்காரன் பேச்சை நான் நம்புவதில்லை. “பொய் பேசாத. இவ லீவுக்கு கூலிம்ல சிப் கம்பெனியிலதான் வேல செஞ்சா. ஸ்டோர் நெறையக் கெடக்குதாம்.”

“கெடக்குது தாத்தா. நல்ல வெல வந்தாத்தான் வெளிய விடுவாங்க,” என்றாள் சுபாஷினி.

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். “சரக்க வச்சுக்கிட்டே இல்லன்னு சொல்றவன் மனுசனா? கேக்கறவன் அவசரம் அவனுக்குத் தெரியாதா?”

காளிதாசன் பழைய விலைக்கே கொடுத்தான். “எனக்கு நட்டந்தான். பிள்ள படிக்கட்டும் மாமா.”

கிளம்பும்போது தயங்கிக் கேட்டான். “மாமா, உங்க கொட்டாயில விக்கிறதுக்கு ஆடு ஏதாச்சும் வந்துச்சா? ஞாயித்துக்கெழம முனீஸ்வரனுக்குப் பூசை. அம்மா பொழச்சு வந்ததுக்கு நேர்ந்துக்கிட்டது. முந்தாநாள் கேட்டப்ப ஒண்ணுகூட இல்லன்னீங்க.”

சுபாஷினி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தீபாவளி விலைக்காகச் செம்பனை மரங்களுக்குப் பின்னால் நான் மறைத்துக் கட்டியிருக்கும் கிடாய்களுக்கு இன்று காலையில் தழை போட்டவள் அவள்தான்.