படிக்கத் தெரியாத டிஸ்க்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, மனு டைப் அடிக்கும் ஜோதியம்மாளின் கடைக்குள் மத்தியான வெயில் மேசைவரை ஏறி, பழைய ஹார்டு டிஸ்கில் காய்ந்திருக்கும் ஆயுத பூஜைக் குங்குமத்தின் மேல் நிற்கிறது. பதினொரு வருஷத்து மனுக்கள் அதற்குள் இருக்கின்றன. காலையில் கம்ப்யூட்டரில் போட்ட புது விண்டோசுக்கு, லினக்ஸ் என்ற வேறு சிஸ்டத்தில் எழுதிய அந்த டிஸ்கைப் படிக்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும் அழித்து ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்டது. எதையும் வாய்விட்டு வாசித்துக் காட்டாமல் ஜோதியம்மாள் பட்டனை அழுத்துவதில்லை. பட்டா மனுவின் நகலுக்காக பெஞ்சில் காத்திருந்த வெள்ளையம்மாளுக்கு அதையும் தமிழில் சொன்னாள். "அதுக்குப் படிக்கத் தெரியலன்னா நம்ம காயிதத்த ஏம்மா அழிக்கணும்? வேணாம்னு சொல்லு" என்றாள் வெள்ளையம்மாள். இப்போது மெக்கானிக் பிரசாத் ஒரு பென் டிரைவில் கொண்டுவந்த லினக்சை ஓட்டுகிறான். திரையில் ஊர் ஊராக ஃபோல்டர்கள் எழுகின்றன. அடி அண்ணாமலை, கீழ்பென்னாத்தூர். "நல்லவேளக்கா, சரின்னு அமுக்கியிருந்தீங்கன்னா எல்லாம் போயிருக்கும்" என்கிறான். பிரிண்டர் முனகி, வெள்ளையம்மாளின் பட்டா மனுவைச் சூடான தாளில் நீட்டுகிறது. ஜோதியம்மாள் எழுந்து, ஃபேனுக்கு நேரே இருக்கும் தன் நாற்காலியில் வெள்ளையம்மாளை உட்கார வைக்கிறாள். பிறகு தாளை இரு கையாலும் பிடித்து, "உயர்திரு ஐயா அவர்களுக்கு" என்று நின்றபடியே வாசிக்கத் தொடங்குகிறாள்.