மாடிக்குப் பூட்டு

"ஏம்மா டாக்டரம்மா, பல்லுல இருக்கிற பூச்சி போதாதா உங்களுக்கு?"

மூன்றாவது மாடிக்காரர் கேட்டதும் குடியிருப்போர் சங்கக் கூட்டமே சிரித்தது.

பல் டாக்டர் சிரிக்கவில்லை. சாயங்காலம் கிளினிக்கைச் சாத்திவிட்டு வந்து, மொட்டை மாடியில் வெள்ளைத் துணி கட்டி விளக்கைப் போடுவாள். தேடி வந்து உட்காரும் விட்டில் பூச்சிகளைப் படம் எடுத்து, ஒவ்வொன்றும் என்ன இனம் என்று கண்டுபிடிப்பாள். இந்த வீட்டை வாங்கியதே அந்த மாடிக்காகத்தான்.

ஆனால் கொஞ்ச நாளாக அங்கே நிம்மதி இல்லை. காற்று வாங்க வருகிறவர்கள் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். ஒருவர் நாலைந்து பூச்சிகளைச் செருப்பால் நசுக்கிவிட்டு, "உங்களுக்கு ஒத்தாசைதான்மா" என்றார். நேற்று துணியையே யாரோ கிழித்துப் போட்டிருந்தார்கள். அதைக் கேட்கத்தான் கூட்டத்துக்கு வந்திருந்தாள்.

"சின்னப் பிள்ளைங்க செஞ்சா விளையாட்டு. இந்த வயசுல இது என்ன பைத்தியம்?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"பைத்தியம்தான்க்கா. சின்ன வயசுலேருந்தே. ரொம்ப நாள் வெளிய சொல்லக் கூச்சப்பட்டு மறைச்சு வெச்சேன். இனிமே மறைக்கிறதா இல்ல. நாளைக்கும் விளக்கு எரியும்."

சங்கச் செயலாளர் தொண்டையைச் செருமினார். சிரித்தே யாரும் பார்த்திராத மனிதர்.

"மாடிச் சுவர் ரொம்பக் குட்டை. பாதுகாப்பு இல்ல. இனி பொழுது சாஞ்சா மாடிக்குப் பூட்டு. யாரும் மேல போகக் கூடாது. சம்மதம்னா கை தூக்குங்க."

டாக்டரைத் தவிர அத்தனை பேரும் தூக்கினார்கள். மூன்றாவது மாடிக்காரர் இரண்டு கைகளையும் தூக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் கணவன், "போனாப் போகுது, விட்டுத் தொலை. ஊரோட ஒத்துப் போயேன்" என்றான்.

"வீட்டை வித்துட்டு வேற மாடி தேடினாலும் தேடுவேன், விட மாட்டேன்" என்றவள், நேரே போய்ச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"சார், இந்தப் பூட்டை நான் ஒத்துக்கவே மாட்டேன்."

"ஒத்துக்க வேணாம். இதைப் பிடிங்க." ஒரு சாவியை நீட்டினார். "சாயங்காலம் தண்ணித் தொட்டியைப் பார்க்க ஒருத்தர் மேல போய்த்தான் ஆகணும். அதுக்கு ஆள் வைக்கிறது என் பொறுப்பு. உங்களை வெச்சிருக்கேன். இனி விளக்கை அணைக்கவோ துணியைக் கிழிக்கவோ ஒருத்தரும் அங்க வர முடியாது."

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள்.

"இதைக் கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமே சார்?"

"சுவர் குட்டைன்னேன், அத்தனை கையும் எழுந்துச்சு. பூச்சிக்காகன்னு சொல்லியிருந்தா, நம்ம ரெண்டு பேர் கைதான்மா எழுந்திருக்கும்."